டெத் வேலியில் கட்டடங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

குளிர்காலம் நெருங்கினால் கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும்: "லாங் வீக்கெண்டுக்கு டெத் வேலி போறோம், எதெல்லாம் பார்க்கணும்?" கேட்கும்போதே அவர்கள் கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். பேட்வாட்டர், ஜப்ரிஸ்கி பாயிண்ட், டான்டேஸ் வியூ, ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட், மெஸ்கீட் மணல்மேடு. நல்ல பட்டியல்தான், ஒன்றையும் விட வேண்டாம். ஆனால் மனிதர் கட்டியது ஒன்றுகூட அதில் இல்லை. அதனால்தானோ என்னவோ, போய்வந்தவர்கள் எல்லோரும் "ஆள் அரவமே இல்லாத பாலைவனம்" என்று ஒரே மாதிரி சொல்கிறார்கள். அங்கே காலங்காலமாக ஆட்கள் இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி, அந்தப் பள்ளத்தாக்கில் நிற்கும் பழைய கட்டடங்களை நின்று பார்ப்பது. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

முதலில் இயற்கைக் காட்சிகளைச் சொல்லிவிடுகிறேன். பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்காவில் இதைவிடத் தாழ்ந்த நிலம் கிடையாது. காரை நிறுத்திவிட்டு உப்புவெளியைப் பார்த்து நடப்பதற்கு முன்னால், ஒரு நிமிடம் திரும்பி மலையை அண்ணாந்து பாருங்கள். பாறையில் வெகு உயரத்தில், கடல் மட்டம் இதுதான் என்று ஒரு பலகை தெரியும். பிறகு நடங்கள். ஆரம்பத்தில் ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு உப்பு மழமழவென்று தரையோடு தரையாகக் கிடக்கும். பலர் அங்கேயே செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் அரை மணி நேரம் நடந்தால், அறுகோணம் அறுகோணமாக விளிம்பு புடைத்த உப்புப் பாளங்கள் வரும். குனிந்து காதைக் கொடுத்தால் சில சமயம் மெல்லிய நொறுங்கல் சத்தம்கூடக் கேட்கும். மலைகளிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு இங்கிருந்து வெளியே போக வழி கிடையாது. வந்த தண்ணீர் ஆவியாகிவிடும், கொண்டுவந்த உப்பு தங்கிவிடும். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் கொட்டித் தீர்த்தபோது இங்கே ஒரு ஏரியே உருவாகி, மாதக்கணக்கில் நின்றது. அடுத்த பிப்ரவரியில் பெய்த மழையில் அது மறுபடி நிரம்பி, ஜனங்கள் துடுப்புப் படகு விட்டார்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில்!

டான்டேஸ் வியூவுக்குக் காலையில் போங்கள். பேட்வாட்டருக்கு நேர் மேலே, 1,600 மீட்டருக்கும் அதிக உயரத்தில் நிற்பீர்கள். எதிரே 3,368 மீட்டர் டெலஸ்கோப் சிகரத்தில் பனி, கீழே வெள்ளை உப்பு. இரண்டும் வெள்ளைதான், ஆனால் ஒன்றுபோல் இருக்காது. ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட்டுக்குச் சாயங்காலம். எரிமலைச் சாம்பலும் அதிலுள்ள இரும்பும் மற்ற தாதுக்களும் சேர்ந்து பாறைக்குப் பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா என்று நிறம் கொடுத்திருக்கின்றன. நடுப்பகலில் போனால் எல்லாம் வெளிறித் தெரியும்.

ஜப்ரிஸ்கி பாயிண்டில் சூரிய உதயம் பார்க்காதவர் கிடையாது. மஞ்சள் மஞ்சளாக மடிந்து கிடக்கும் அந்த மண், முப்பது முதல் ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஓர் ஏரியின் அடிவண்டல். இத்தனை பேர் வந்து நிற்கும் அந்த மேட்டுக்குப் பெயர் தந்த கிறிஸ்டியன் ஜப்ரிஸ்கி யார்? பசிஃபிக் கோஸ்ட் போராக்ஸ் கம்பெனியின் துணைத் தலைவர்! டெத் வேலியின் கதையை எந்த முனையில் பிடித்து இழுத்தாலும் போராக்ஸில்தான் வந்து முடியும்.

போராக்ஸ் நமக்குப் புதிய பொருள் இல்லை. பொற்கொல்லர் பற்றவைக்கும்போது தொடும் வெண்காரம்தான் அது. கேரம் போர்டில் தூவுகிறோமே போரிக் பவுடர், அதையும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். 1881-ல் இந்தப் பள்ளத்தாக்கில் அது கிடைப்பது தெரியவந்தது. வில்லியம் டெல் கோல்மன் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ வியாபாரி உரிமையை வாங்கி, ஃபர்னஸ் க்ரீக் பக்கத்தில் ஹார்மனி போராக்ஸ் வொர்க்ஸ் என்ற ஆலையை அமைத்தார். 1883-லிருந்து 1888 வரைதான் ஓடியது. நெடுஞ்சாலையிலிருந்து ஒரு நிமிடத் தூரம், சுற்றிவரச் சின்ன நடைபாதை. பெரும்பாலான கார்கள் நிற்காமல் போகும் இடம் இது.

நின்று பார்த்தால் தெரிவது: ஒரு பெரிய துருப்பிடித்த கொதிகலன், வெயிலில் கரைந்து மழையில் வழிந்து பாதி உயரமாகிவிட்ட மண்சுவர்கள், அந்த நாளின் பெரிய மரவண்டிகள். வண்டியின் பின்சக்கரம் மட்டும் ஏழடி. பக்கத்தில் நிற்கும் ஆளின் தலை சக்கரத்தின் மேல்விளிம்புக்கு எட்டாது. இப்படி இரண்டு வண்டி, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, இவற்றை இழுக்கப் பதினெட்டுக் கோவேறு கழுதைகள், இரண்டு குதிரைகள். மொஹாவி ரயிலடி வரை 165 மைல். பத்து நாள் பயணம்.

ஆலைக்கான மூலப்பொருள் உப்புவெளியில் பஞ்சுருண்டை மாதிரி திரண்டு கிடந்தது. அதைச் சுரண்டிக் குவித்து வண்டியேற்றியவர்கள் சீனத் தொழிலாளர்கள். அதைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு, தொட்டிகளில் ஆறவைத்தால் போராக்ஸ் படிகமாகப் பிடிக்கும். சூடு மிஞ்சினால் பிடிக்காது. கோடையில் ஹார்மனியில் தொட்டி ஆறவே இல்லை. அதனால் கோடை மாதங்களுக்கு வேலையைக் கொஞ்சம் உயரமான அமர்கோசா பக்கம் மாற்றிக்கொண்டார்கள். டெத் வேலி வெப்பத்தைப் பற்றி எத்தனையோ எண் சொல்லலாம். 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி செல்சியஸ், உலகச் சாதனையாக இன்றும் ஏட்டில் இருக்கிறது (சில வானிலை ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை). அதைப் பதிவு செய்த வெப்பமானி இருந்ததும் போராக்ஸ் கம்பெனியின் பண்ணையில்தான். ஆனால் ஆறாத தொட்டி ஒன்று அந்த எண்ணைவிட எனக்கு நன்றாக விஷயத்தைச் சொல்கிறது. அந்தத் தொட்டிகளுக்காக உப்புவெளியில் குனிந்து நின்ற ஆட்களின் பெயர்கள் அங்கே எந்த மேட்டுக்கும் வைக்கப்படவில்லை.

ஹார்மனியிலிருந்து சில நிமிடத்தில் ஃபர்னஸ் க்ரீக் விடுதி. மலைச்சரிவில் ஓடு வேய்ந்து, பேரீச்சை மரங்களுக்கு மேலே நிற்கும் அந்த மாளிகையைக் கட்டியதும் போராக்ஸ் கம்பெனி. 1927 பிப்ரவரி 1-ல் திறந்தார்கள். பள்ளத்தாக்கில் சுரங்கத் தொழில் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. போட்ட ரயில் பாதை சும்மா கிடந்தது. அதில் ஏற்ற ஆள் வேண்டும், ஆள் வந்தால் தங்க இடம் வேண்டும். ஊருணிபோல் ஊறும் வெந்நீர்ச் சுனையிலிருந்து நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. கட்டடத்தின் மண்கல்லை வார்த்தவர்கள் பாயூட், ஷோஷோனி பழங்குடியினர். தங்க வசதிப்படாவிட்டாலும் உள்ளே போய் ஒரு காபி குடித்துவிட்டு, தோட்டத்துக் கல்வேலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கல்லை இவ்வளவு மரியாதையோடு கையாண்ட வேலை பூங்காவுக்குள் வேறெங்கும் இல்லை என்பேன்.

தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மேதர், அந்தப் பதவிக்கு வருவதற்கு முன் இதே போராக்ஸ் வியாபாரத்தில் விளம்பரம் பார்த்தவர். மேலே சொன்ன அந்த இருபது விலங்கு வண்டியை, 'இருபது கழுதை வண்டி' என்ற பெயரில், சோப்புப் பெட்டி வரைக்கும் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய முதலாளிக்குச் சலுகை காட்டியதாகப் பேச்சு வரும் என்பதால், டெத் வேலியைப் பாதுகாக்கும் யோசனையை அவர் முன்னெடுக்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஹோரஸ் ஆல்பிரைட் முன்னெடுத்தார். 1933 பிப்ரவரி 11-ல், பதவியிலிருந்து இறங்கச் சில வாரம் இருக்கும்போது, ஜனாதிபதி ஹூவர் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். தேசியப் பூங்கா என்ற பெயர் 1994-ல்தான் வந்தது.

பூங்காவின் வடக்கே இருக்கும் ஸ்காட்டிஸ் காஸிலைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. வால்டர் ஸ்காட் என்பவர் பஃபலோ பில்லின் குதிரைக் காட்சிகளில் சவாரி செய்தவர். டெத் வேலியில் தனக்குத் தங்கச் சுரங்கம் இருப்பதாகச் சொல்லிச் சொல்லியே பணக்காரர்களிடம் பணம் வாங்கினார். 1905-ல் தனி ரயில் பிடித்து லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சிகாகோவுக்கு 45 மணி நேரத்துக்குள் போய்ச் சாதனை படைத்தார். பணம் கொடுத்தவர்களில் ஒருவர் சிகாகோவின் இன்ஷூரன்ஸ் அதிபர் ஆல்பர்ட் ஜான்சன். சுரங்கத்தைப் பார்க்க வந்தார். சுரங்கம் இல்லை. ஆனால் ஒரு ரயில் விபத்தில் நொறுங்கிப்போயிருந்த அவர் உடம்புக்கு அந்த வறண்ட காற்று ஒத்துக்கொண்டது. ஏமாற்றியவரோடு கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை நண்பராக இருந்தார். 1922-ல் கட்ட ஆரம்பித்த அந்த ஸ்பானிஷ் பாணி மாளிகை ஜான்சனின் பணம், ஆனால் ஊரெல்லாம் அதை ஸ்காட்டியின் கோட்டை என்றது. ஜான்சனும், "நான் அவருடைய பேங்கர்" என்று சொல்லிக்கொண்டார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத நட்பு இது.

கட்டடம் வெறும் பகட்டு அல்ல. பக்கத்துச் சுனையின் தண்ணீரைச் சக்கரத்தில் பாய்ச்சி மின்சாரம் எடுத்தார்கள். சூரிய வெப்பத்தில் தண்ணீர் காயவைத்தார்கள். கூடத்துக்குள்ளேயே பாறை வழியாக நீர் வழியவிட்டுக் காற்றைக் குளிரவைத்தார்கள். இசைக்கூடத்தில் ஆயிரத்துக்கு மேல் குழல்கள் கொண்ட ஆர்கன். 1931-ல் பணமுடையில் வேலை நின்றது, நீச்சல் குளம் பாதியில் நின்றது. 2015 அக்டோபர் 18 இரவு பெய்த மழையில் மாளிகை நிற்கும் கிரேப்வைன் பள்ளத்தாக்கே வெள்ளமாகி, சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பம் எல்லாம் போயின. 2021-ல் அங்கிருந்த பழைய கராஜ் எரிந்தது. மாளிகை தப்பியது. 2015 வெள்ளத்திலிருந்தே அந்த இடம் பொதுமக்களுக்கு மூடிக் கிடக்கிறது. பூங்காத் துறை எப்போதாவது முன்பதிவோடு நடைச் சுற்றுலா நடத்துகிறது. தேதி அமைந்தால் விடாதீர்கள்.

வடக்கே அவ்வளவு தூரம் போகிறவர்கள் நகரும் கற்களையும் கேட்பார்கள். ரேஸ்டிராக் பிளாயா என்ற வறண்ட ஏரித் தரையில், கற்கள் தாமாக ஊர்ந்து நீளமாகத் தடம் போட்டிருக்கும். பல காலப் புதிர் இது. 2013 டிசம்பரில் ரிச்சர்ட் நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் இருவரும் கற்கள் நகர்வதை நேரில் பார்த்தார்கள். தேங்கிய நீரின் மேல் சில மில்லிமீட்டர் பனி படர்ந்து, காலை வெயிலில் உடைந்து, லேசான காற்றில் மிதந்து கல்லைத் தள்ளுகிறது. தரை ஈரமாக இருக்கும்போது கால் வைத்தால் உங்கள் தடமும் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும், தயவுசெய்து வைக்காதீர்கள். பாதை 27 மைல் கரடுமுரடு. உயரமான வண்டியும் உறுதியான டயரும் இல்லாவிட்டால் வேண்டாம்.

போகிற விஷயம் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன்: நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் காற்று அவ்வளவு லேசாகிவிடுவதால் மீட்பு ஹெலிகாப்டரே பறக்க முடியாத நாட்கள் உண்டு. செல்போன் சிக்னல் அநேக இடங்களில் கிடையாது. பெட்ரோலும் தண்ணீரும் வெளியூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பெரியவர்களை அழைத்துப்போனால் ஹார்மனி, ஜப்ரிஸ்கி, டான்டேஸ் வியூ மூன்றும் அதிகம் நடக்காமல் பார்க்கக்கூடியவை.

இனி எனக்கு இந்தப் பூங்காவில் மிகப் பிடித்த இடம். மேற்கே பனமின்ட் மலையில், 2,000 மீட்டருக்கும் மேல், வைல்ட்ரோஸ் கரிச்சூளைகள். கடைசிச் சில மைல் ஜல்லிப் பாதை. கீழே ஒரு செடியைத் தேட வேண்டியிருந்தது, இங்கே பினியன் பைனும் ஜூனிப்பரும் காடாக நிற்கும். அந்தக் காட்டு ஓரத்தில் ஒரே வரிசையில் பத்துச் சூளைகள். கூம்பிய முட்டை வடிவம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 அடி உயரம். 1877-ல் மோடாக் என்ற சுரங்கக் கம்பெனி கட்டியது. அதன் உரிமையாளர்களில் ஒருவர் ஜார்ஜ் ஹர்ஸ்ட். மேற்கே ஆர்கஸ் மலையில் இருந்த வெள்ளி, ஈயம் உருக்கும் உலைகளுக்குக் கரி வேண்டும். மரம் இங்கேதான் இருந்தது.

ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூளையின் வேலை உடனே புரிந்துவிடும். அங்கே மண் செய்வதை இங்கே கல் செய்கிறது. விறகைத் திணித்து அடுக்கி, தீயிட்டு, வாசலை அடைத்துவிட்டு, அடியில் சுற்றிலும் விட்டிருக்கும் சின்னத் துளைகளால் காற்றை அளந்து விட வேண்டும். காற்று கூடினால் சாம்பல், குறைந்தால் வேகாத விறகு. ஒரு வாரம் போல வெந்து, அதன்பின் பல நாள் ஆறி, கரி கைக்கு வரும்.

வளைந்த வாசலில் குனிந்து உள்ளே போங்கள். கண் பழகக் கொஞ்ச நேரமாகும். முதலில் வருவது வாசனை. கரி போட்டு ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது, சுவரில் புகைவாடை இன்னும் இருக்கிறது. விரலை வைத்தால் கல் வழவழவென்று, கறுப்பேறி, குளிர்ந்து இருக்கும். பின்சுவரில் உயரத்தில் இருக்கும் ஜன்னலிலிருந்து வெளிச்சம் ஒரு பட்டையாக விழும். விறகை மேலிருந்து போட்ட வழி அது. மெதுவாகப் பேசினாலும் குரல் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து காதுக்குள் விழும். இரண்டு மூன்று வருடம்தான் வேலை செய்தன. அதனாலும் ஊரிலிருந்து தள்ளி இருந்ததாலும் இன்றைக்கும் இவ்வளவு முழுசாக நிற்கின்றன. 1971-ல் அரிசோனாவிலிருந்து வந்த நவஹோ கொத்தர்கள் பழுதுபார்த்துக் கொடுத்தார்கள்.

வெளியே வந்தால் எதிரே பினியன் மரங்கள். இதன் கொட்டைதான் ஷோஷோனி மக்களுக்கு மலையில் கிடைத்த முக்கிய ஆகாரம். கோடையில் வெயிலுக்கு மேலே ஏறி, இலையுதிர்காலத்தில் கொட்டை சேகரித்து, குளிருக்குக் கீழே இறங்கி மெஸ்கீட் தோப்போரம் தங்குவது அவர்கள் வாழ்க்கை. மெஸ்கீட் காயை இடித்து மாவாக்குவார்கள். சூளைக்கு வெட்டியது அந்த மலைக்காட்டை. கீழே கழுதைகளுக்குத் தீவனம் விளைந்ததும், விடுதிக்கு நீச்சல் குளம் நிரம்பியதும் அவர்கள் குடித்த சுனைகளிலிருந்து. மேலே சொன்ன ஒவ்வொரு கட்டடமும் அவர்களுடைய ஒரு நீர்நிலையையோ ஒரு தோப்பையோ தொட்டுத்தான் நிற்கிறது. பெரும்பாலானவற்றில் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது.

1933 அறிவிப்பு வந்தபோது இந்த மக்களுக்கென்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. டிம்பிஷா ஷோஷோனி என்ற அந்தச் சமூகத்துக்கு 1936-ல் ஃபர்னஸ் க்ரீக் அருகே 40 ஏக்கரில் சுடாத மண்கல்லால் சில வீடுகளை அரசாங்கமே கட்டிக் கொடுத்தது. 1957-ல் அதே அரசாங்கத்தின் பூங்காத் துறை, காலியாகும் வீடுகளை இடித்துவிடுவது என்று கொள்கை வகுத்தது. கோடையில் வழக்கம்போல் மலைக்குப் போன குடும்பங்களின் வீடுகள் மீது தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்தார்கள். மண்கல் வீடு, கரைந்துவிட்டது. அதன்பின் அந்த மக்களில் சிலர் கோடையிலும் கீழேயே இருந்தார்கள், வீட்டைக் காக்க. 50 டிகிரியில்.

டிம்பிஷா மக்கள் போகவில்லை. 1983-ல் மத்திய அரசு அவர்களைத் தனிப் பழங்குடி அமைப்பாக அங்கீகரித்தது. பாலின் எஸ்டீவ்ஸ் போன்ற மூத்தவர்கள் விடாமல் வாதாடி, 2000-ல் டிம்பிஷா ஷோஷோனி தாயகச் சட்டம் நிறைவேறியது. 7,700 ஏக்கருக்கு மேல் நிலம் திரும்பக் கிடைத்தது. அதில் 314 ஏக்கர் ஃபர்னஸ் க்ரீக்கிலேயே, பூங்காவுக்கு நடுவில். மெஸ்கீட் தோப்பையும் பினியன் காட்டையும் பூங்காத் துறையோடு சேர்ந்து பராமரிக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது.

விடுதிக்கும் ஹார்மனிக்கும் இடையே போகும்போது அவர்கள் கிராமம் சாலையிலிருந்து தள்ளித் தெரியும். எஞ்சிய பழைய மண்கல் வீடுகள் அங்கேதான் இருக்கின்றன. அது ஜனங்கள் குடியிருக்கும் தெரு, காட்சிப் பொருள் இல்லை. உள்ளே காரை விட்டுப் படம் எடுக்க வேண்டாம். ஃபர்னஸ் க்ரீக் பார்வையாளர் மையத்தில் இந்த மக்களைப் பற்றிய காட்சிகள் இருக்கின்றன, பூங்கா அலுவலர்களிடம் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். ஜப்ரிஸ்கிக்குப் போவதற்கு முன்னால், முதல் நாள் சாயங்காலமே அங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.